காய்ச்சி வடிக்க மாட்டேன்

பம்பாய்க்கு அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது. லாரி ஷெட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்த டின்களை இறக்கும்போது, கிளாடிஸ் வாசலிலேயே ஒன்றைத் திறந்து பார்த்தாள். உப்புத்தூள் மாதிரி உதிர உதிர இருக்க வேண்டியது, மழைக்காலத்துச் சீனி மாதிரி கட்டிதட்டிக் கிடந்தது. கரண்டியால் குத்தினாள். கரண்டியில் ஒட்டியது.

எழுபத்தாறாம் வருசத்துப் பங்குனி மாதம். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் பழைய சங்குக் கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தேவபிரசாதம் அந்தச் சின்னக் கம்பெனியை நடத்திவந்தார். மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும் சங்குச்சதை அழுகிய வாடை கிளம்பும். அவர் நாசரேத்துக்காரர். பம்பாயில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, 'வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறதை நம்ம ஊரிலேயே செய்து காட்டுகிறேன்' என்று ஊர் திரும்பியவர். சொன்னபடி செய்தும் காட்டினார். கிளாடிஸ் அவரிடம் கெமிஸ்டாகச் சேர்ந்து இரண்டு வருசம் முடிந்திருந்தது. அவள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற தண்டல். வருசத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

கிட்டங்கிக்குள் அவளோடு வேலை செய்தவர்கள் இரண்டு பேர். அம்புரோஸ் ஒருவர். வாலிபத்தில் முத்துக்குளிக்க இறங்கியவர். குளிப்பு நின்றுபோன பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் இங்கே ஜாடிகளைக் கலக்கவும் ஐஸ் உடைக்கவும் வந்து சேர்ந்தார். இன்னொருத்தி தேவகனி, சாத்தான்குளத்துக்காரி. வடிகட்டுவது, உலர்த்துவது, டின்னில் அடைப்பதெல்லாம் அவள் பொறுப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவகனி கேட்டாள்: "ஏளா கிளாடிசு, இது என்ன பொடி? நாள் பூரா அடைக்கேன், என்னான்னே தெரியல."

"கிளைசின்னு ஒரு அமினோ அமிலம்க்கா. நம்ம உடம்புல இருக்க புரதமெல்லாம் இந்த மாதிரி அமிலங்க ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நிக்கதுதான். இதுக்கு ரெண்டு கை. ரெண்டையும் சும்மா விட்டா கண்டதையெல்லாம் பிடிச்சுக்கிடும். அதான் ஒரு கைய நாம துணி சுத்திக் கட்டிருதோம். மத்தக் கையால மட்டுந்தான் அதால பிடிக்க முடியும். பிடிச்ச பொறவு துணிய அவுத்துட்டா, அந்தக் கை அடுத்த ஆளப் பிடிக்கும்."

"இதெல்லாம் எதுக்கு?"

"பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் நிக்காமப் போனா ஊசி போடுவாங்கள்ளா? அந்த மருந்த இப்படி ஒவ்வொரு அமிலமாக் கோத்துத்தான் செய்யுதாங்க. அதுல ஒரு கண்ணி நம்ம சரக்கு."

அந்தத் துணிக்கு ஆய்வகத்தில் 'பாக்' என்று பெயர். துணி கட்டிய கிளைசின், பாக் கிளைசின். வெள்ளைப் பொடி. காரத்தில் போட்டாலும் கட்டு அவிழாது. பலமான அமிலம் பட்டால் மட்டும் அவிழ்ந்துவிடும். கட்டுவதற்கு ஒரு திரவம் வேண்டும். அதை எல்லோரும் சுருக்கமாக 'அசைடு' என்பார்கள். அதையும் கிட்டங்கியிலேயேதான் தயாரித்தார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். பழுப்புப் பாட்டிலில் ஊற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். குளிரில் சாதுவாகக் கிடக்கும். ஆனால் சூட்டைத் தாங்காது. அதனால் கிளாடிஸ் அதைக் கழுவுவாள், ஈரத்தை நீக்குவாள், அப்படியே பயன்படுத்துவாள். ஒருநாளும் கொதிக்க வைத்ததில்லை.

தேவபிரசாதம் டின்களைச் சுற்றி நடந்தார். முகம் கறுத்திருந்தது. "அசைடுல அழுக்கு இருக்கு. அதான் பொடியில ஒட்டிக்கிட்டு வருது. இனிமே அதைக் காய்ச்சி வடிச்சுத்தான் சேக்கணும். புத்தகத்திலயே அப்படித்தான் போட்டிருக்கான். பம்ப் வாங்கியாச்சு. காத்தை உறிஞ்சிட்டா கம்மிச் சூட்டிலயே கொதிச்சிரும்."

"காய்ச்சி வடிக்க மாட்டேன் சார்," என்றாள் கிளாடிஸ்.

அவர் நின்றார். "என்ன?"

"அது வெடிக்கிற சாமான் சார். வேற லேபுகள்ல வெடிச்சிருக்கு."

"அப்போ புத்தகம் எழுதினவன் முட்டாளா?"

"அவன் ஊர்ல கரண்டு போகாது சார். இங்க போகும். கரண்டு போனா பம்ப் நிக்கும். பம்ப் நின்னா கொதிக்கது நின்னு சூடு ஏறும். அப்போ பக்கத்துல நிக்கவன் என்ன ஆவான்?"

"அப்புறம் இந்த டின்னுக்கு என்ன பதில்?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. வடிதாளைத் துண்டு துண்டாகக் கத்தரித்தாள். திரும்பி வந்த பொடியில் சிறிது கரைத்து ஒரு துண்டில் ஒரு பொட்டு வைத்தாள். பழைய நல்ல சரக்கில் எடுத்து வைத்திருந்த மாதிரியைக் கரைத்து இன்னொரு துண்டில் ஒரு பொட்டு. இரண்டின் மேலும் நின்ஹைட்ரின் கரைசலைத் தெளித்து அடுப்புச் சூட்டில் காட்டினாள். நல்ல சரக்கு வெள்ளையாகவே இருந்தது. திரும்பி வந்தது கத்தரிப்பூ நிறத்தில் பூத்தது.

"கட்டு அவுந்த கிளைசின் இருந்தாத்தான் சார் இந்த நிறம் வரும். அசைடு அழுக்கா இருந்தா வராது. தை மாசத்துல இருந்து நீங்க சிட்ரிக் அமிலத்த நிறுத்திட்டு ஹைட்ரோகுளோரிக் போடச் சொன்னீங்க. அது பலமான ஆசிட். கழுவினதுக்குப் பொறவும் கொஞ்சம் தங்கிரும். கரைப்பான ஆவியா ஓட்டுததுக்கு வெந்நியில வச்சதும் அந்த மிச்சம் போதும், கட்டு அவுந்துரும்."

தேவபிரசாதம் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். "மனுசன் கைவேர்வை பட்டாலே இந்த நிறம் வரும். அது உனக்குத் தெரியாதா? உன் விரல் பட்டிருக்கு."

அவர் சொன்னதும் உண்மைதான். வேர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. கிளாடிஸ் இடுக்கியை எடுத்தாள். புதிய தாளை இடுக்கியாலேயே பிடித்துக் கத்தரித்து, கை படாமல் மறுபடியும் எல்லாவற்றையும் செய்தாள். மறுபடியும் அதே கத்தரிப்பூ நிறம்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. "நான் எம்.எஸ்சி. முடிச்சப்போ நீ ஒண்ணாப்பு படிச்சிருப்ப. அசைடை வடிக்கிறோம். உனக்குப் பயமா இருந்தா தள்ளி நில்லு. அம்புரோஸ் செய்வான்."

ஜாடி கழுவிக்கொண்டிருந்த அம்புரோஸ் நிமிர்ந்தார். "செஞ்சிருவோம் சார்," என்றார்.

*

தேவபிரசாதம் போனபிறகு கிளாடிஸ் அம்புரோஸிடம் போனாள். "அம்புரோஸ் அண்ணே, என்னன்னு தெரிஞ்சுதான் சரின்னு சொன்னீங்களா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன தங்கச்சி. பத்துப் பாகம் ஆழத்துல கல்லைக் கட்டிட்டு இறங்கினவன் நான். சுறா இந்தப் பக்கம் போகும், நான் சிப்பி பொறுக்குவேன். ஒரு பாட்டில் தண்ணிக்கா பயப்படுவேன்? நாளைக்குத் தெருவுல சொல்லுவான், அம்புரோசு வேலைக்குப் பயந்துட்டாம்னு."

அவரிடம் புத்தகத்தைச் சொல்லிப் பயனில்லை என்று கிளாடிசுக்குத் தெரிந்தது. மறுநாள் முதலாளி வெளியே போயிருந்த நேரத்தில் கொல்லையில் ஓர் அடுப்பை மூட்டினாள். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் மணலை நிரப்பினாள். ஒல்லியான கண்ணாடிக்குழாயில் அசைடு சில சொட்டுகள் மட்டும் விட்டு, வாயை அடைத்து, மணலுக்குள் செருகினாள். நீளக் கம்பால் டின்னை அடுப்புமேல் தள்ளிவிட்டு அம்புரோஸ், தேவகனி இருவரையும் சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அம்புரோஸ் சிரித்தார். "மண்ணு பொரியுது, அவ்வளவுதான்" என்று எட்டிப் பார்க்கத் தலையை நீட்டினார். கிளாடிஸ் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கவும் சத்தம் வரவும் சரியாக இருந்தது. சுவரின் காரை உதிர்ந்தது. ஓட்டின்மேல் இருந்த காகங்கள் எல்லாம் கத்திக்கொண்டு கடல்பக்கம் பறந்தன. தேவகனி "இயேசப்பா!" என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

புகை அடங்கியதும் போய்ப் பார்த்தார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது. டின் ஒரு பக்கம் பிளந்து வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. அம்புரோஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை சொட்டு விட்ட?"

"அஞ்சாறு சொட்டு."

அவர் ஐஸ் பெட்டி இருந்த திசையைப் பார்த்தார். உள்ளே இரண்டு பாட்டில் நிறைய இருந்தது. கிட்டங்கியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்து நிழலில் பெண்கள் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது இங்கே கேட்டது.

"எங்க காலத்துல தோணி இறங்கும்போது கடல்கட்டின்னு ஒரு ஆளு கரையில நிப்பான்," என்றார் அம்புரோஸ். "மந்திரம் சொல்லிச் சுறா வாயக் கட்டுவான். அவன் கட்டிட்டேன்னு சொன்னாத்தான் குதிப்போம். இதக் கட்டுததுக்கு எவன் இருக்கான்?"

"நான் கட்டுதேன்," என்றாள் கிளாடிஸ்.

"என்ன செய்வ?"

"மொத்த அசைடையும் கிளைசினோட சேத்துருவேன். ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. காய்ச்சணும்னாலும் காய்ச்சுததுக்கு ஒண்ணும் இருக்காது."

*

தேவபிரசாதம் பம்பைப் பழுது பார்க்க மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார். வர இரண்டு மூன்று நாள் ஆகும். கிளாடிஸ் காலையில் வந்ததும் தேவகனியிடம் சொன்னாள்: "அக்கா, இது அவர் சொல்லாத வேலை. உங்களுக்குப் பொம்பளப் பிள்ளைக இருக்கு. வீட்டுக்குப் போயிருங்க. உடம்புக்கு முடியலன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்று தேவகனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஜாடிய எங்க வைக்க?"

கிளைசினைத் தண்ணீரிலும் டையாக்சேனிலும் கரைத்தார்கள். மீன்வாடை மாதிரி நாறும் டிரைஎத்திலமீனை ஊற்றிக் காரமாக்கினார்கள். கிளைசின் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டாள் கிளாடிஸ்; கட்டுகிற துணி மிஞ்சக் கூடாது, கட்டப்படுகிற கைதான் மிஞ்சலாம். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்தாள். அதுவரை கோபம் ஒன்றுதான் இருந்தது. பாட்டிலின் குளிர் உள்ளங்கையில் ஏறும்போது, தான் செய்வது திருட்டுக்குச் சமம் என்று நாளை யாராவது சொல்லக்கூடும் என்று தோன்றியது. 'சொல்லட்டும்' என்று வாய்விட்டே சொன்னாள்.

கலக்கும் இயந்திரம் ஓட ஓட, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெந்நீர் அளவுக்குத்தான் சூடு. அதற்கு மேல் போகாமல் தேவகனி தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது பாட்டில் பாதியில் இருக்கும்போது கரண்டு போனது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்புரோஸ் ஒரு மரத்துடுப்பை எடுத்துக் கையாலேயே கலக்க ஆரம்பித்தார். ஜாடி அதுபாட்டுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. கரண்டு வரும்வரை அவர் கலக்கினார்.

மறுநாள் வரை ஓடவிட்டார்கள். பிறகு ஈதரால் கழுவினாள். வேண்டாத எண்ணெய்ப்பசையும் தப்பித் தவறி மிஞ்சிய அசைடும் ஈதரோடு மேலே போய்விடும். பாக் கிளைசின் உப்பாகக் கீழே தண்ணீரில் நிற்கும். மேலே வந்ததை அமோனியாத் தண்ணீரில் கொட்டிச் செயலிழக்க வைத்தாள். இனி அமிலம் சேர்க்க வேண்டும். சிட்ரிக் அமிலம் ஸ்டோரில் இல்லை. வாங்கவும் ஆர்டர் கிடையாது.

"கலர் சோடாவுல போடுதாங்கள்ளா, அதுதானே?" என்றார் அம்புரோஸ். தெரிந்த சோடாக் கம்பெனிக்குச் சைக்கிளில் போய் ஒரு பையோடு வந்தார். மீன் ஏலக் கூடத்திலிருந்து ஐஸும் கொண்டுவந்தார். கடற்காற்று முதுகுக்குப் பின்னால் வரும்படி கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, ஐஸில் குளிர்ந்த ஜாடியில் சிட்ரிக் கரைசலைச் சிறுகச் சிறுக விட்டாள். அப்போது கிளம்பும் ஆவி பொல்லாதது, மண்டையை இடிக்கும். ஆளுக்குக் கொஞ்ச நேரமாக மாறி மாறி நின்றார்கள். பிறகு எத்தில் அசிடேட்டில் பிரித்தெடுத்து, பலமுறை தண்ணீரில் கழுவி, ஈரம் நீக்கி, கரைப்பானை மெல்ல ஓட்டி, பெட்ரோலியம் ஈதரை ஊற்றினாள்.

முதலில் பால் மாதிரி கலங்கியது. கிளாடிஸ் கண்ணாடிக்குச்சியால் ஜாடியின் உட்புறத்தைக் கீறினாள். கீறிய இடத்திலிருந்து வெள்ளைப் பொடி பொலபொலவென்று இறங்கியது. தேவகனி "ஏளா, ஏளா" என்றாள்.

*

தேவபிரசாதம் பம்போடு வந்து இறங்கியதும் நேராக ஐஸ் பெட்டிக்குத்தான் போனார். திறந்தார். மூடினார்.

"பாட்டில் எங்கே?"

"அந்தா இருக்கு சார்." உலர்தட்டுகளைக் காட்டினாள் கிளாடிஸ். தட்டுத் தட்டாக வெள்ளைப் பொடி பரந்திருந்தது.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வேலை தெரிந்த மனிதர், விரலுக்கே தெரிந்துவிட்டது. இருந்தாலும் உட்கார்ந்து உருகுநிலை பார்த்தார். எண்பத்தெட்டு டிகிரியில், சுத்தமான சரக்கு மாதிரியே, சட்டென்று உருகியது. இடுக்கியாலேயே தாளைப் பிடித்து நின்ஹைட்ரின் தெளித்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது. வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுச் செஞ்ச?"

"யாரையும் கேக்கல."

"இது என் கம்பெனி. என் சாமான். நான் வடிக்கச் சொன்னேன்."

"வடிக்க மாட்டேன்னு நானும் சொன்னேன் சார். உங்க முகத்துக்கு நேராத்தான் சொன்னேன்."

"நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

கிளாடிஸ் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "சரி சார். ஆனா அடுத்த அசைட அந்தப் பம்புல ஏத்துனிங்கன்னா நான் வாசல்ல வந்து நிப்பேன். போறவன் வாரவன் எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

"எமர்ஜென்சி நடக்குது, தெரியுமா? வாசல்ல நின்னு சத்தம் போட்டா போலீசுக்கு ஒரு போன் போதும்."

"பிடிச்சிட்டுப் போகட்டும். எதுக்குப் பிடிச்சாங்கன்னு நாலு பேரு கேப்பாங்கள்ளா? அப்போ அந்த நாலு பேருக்கும் சொல்லிருவேன்."

விறுவிறுவென்று வெளியே வந்தவள், சாலை வரை போனபிறகுதான் தூக்குச்சட்டியை உள்ளேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டுப் போகலாமா என்று நினைத்தாள். மீன்குழம்பு இருந்தது; அம்மா காலையில் எழுந்து வைத்தது. திரும்பி உள்ளே போய், நின்றுகொண்டிருந்த அவரைத் தாண்டி, சட்டியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டியே வெளியே வந்தாள். சாலையில் போன பிறகு அழுகை வரும்போல் இருந்தது. வரவில்லை.

வீட்டில் அவள் அம்மா அல்போன்சா, சட்டியில் சோறும் குழம்பும் அப்படியே இருப்பதைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "பாயக் கிழிச்சிட்டுக் கரைக்கு வந்த தோணி மாதிரி வந்து நிக்க. என்ன செஞ்ச?"

கிளாடிஸ் சொன்னாள். அல்போன்சா கேட்டுவிட்டு, "சோத்தைத் தின்னு," என்றாள்.

*

அம்புரோஸ் வேலையை விடவில்லை. "உள்ள ஒரு ஆளு வேணும்லா," என்றார். தேவகனியும் போய்வந்துகொண்டிருந்தாள். புதிய அசைடு தயாராகிறது என்ற செய்தியை அவள்தான் கொண்டுவந்தாள். பம்பை மேடை கட்டிப் பொருத்தியாயிற்று. அம்புரோஸ் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். பரவாயில்லை, நானே செய்கிறேன் என்று முதலாளி சட்டைக்கையை மடித்துக்கொண்டிருக்கிறார்.

அது கிளாடிஸ் எதிர்பார்க்காதது. அவர் அடுத்தவனைத் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தாள். தானே போய் நிற்பார் என்று நினைக்கவில்லை. அவருக்கு நாசரேத்தில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவரை நினைத்தும் இப்போது பயமாக இருந்தது. அது அவள் கோபத்தை இன்னும் கூட்டியது.

காலையில் கிட்டங்கி வாசலில் போய் நின்றாள். வெயில் ஏறியது. உள்ளேயிருந்து அவர் பார்த்தார், வெளியே வரவில்லை. புதுத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் புழுதியை அடித்துவிட்டுப் போயின. வலை பொத்துகிற பெண்களில் ஒருத்தி சாலையைக் கடந்து வந்தாள்.

"என்னளா, தண்டல் மகளே, வெயில்ல நிக்க?"

"உள்ள ஒரு சாமானக் காய்ச்சப் போறாங்க. அன்னைக்கு ஒரு சத்தம் கேட்டிச்சில்லா, அது அஞ்சாறு சொட்டு. இன்னைக்கு ரெண்டு பாட்டில். உங்க வேப்பமரம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்."

அந்தப் பெண் திரும்பிப் போய் மற்றவர்களிடம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வலை ஊசியோடும் இடுப்புப் பிள்ளையோடும் எல்லோரும் வந்துவிட்டார்கள். கிளாடிஸ் கோஷம் எதுவும் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

"ஏ முதலாளி! வெளிய வாரும்!"

தேவபிரசாதம் வந்தார். "இது லேபரட்டரி. உங்களுக்குப் புரியாது. எந்த ஆபத்தும் இல்லை."

"ஆபத்து இல்லேன்னா உம்ம பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து எங்க மரத்தடியில உக்காத்தி வையும். பொறவு அடுப்ப மூட்டும்," என்றாள் முதலில் வந்தவள்.

அவர் போலீஸ் என்றார். "கூப்பிடும். அவுகளும் இங்கனயே நிக்கட்டும்," என்றாள் அவள். 'உக்காருங்களா எல்லாரும்' என்று சொல்லிவிட்டு வாசலிலேயே வலையை விரித்தாள். மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். போன் செய்யப் போனவர் திரும்பி வரவில்லை. போலீசும் வரவில்லை. பிற்பகலில் தேவகனி வாசலுக்கு வந்து, அம்புரோஸ் அசைடைக் கிளைசின் ஜாடியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்றும், முதலாளி மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னாள்.

*

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் தேவபிரசாதம் கிளாடிஸ் வீட்டுக்கு வந்தார். அல்போன்சா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"நீ செஞ்ச சரக்கை பம்பாய்க்காரன் எடுத்துக்கிட்டான்," என்றார். "அதே மாதிரி தொடர்ந்து வேணுங்கிறான். நீ திரும்ப வா. சம்பளம் கூட்டித் தாரேன். பம்பைத் தொட வேண்டாம்."

"வாரேன் சார். ஒண்ணே ஒண்ணு. சரக்கு கெட்டதுக்குக் காரணம் நீங்க மாத்தின ஆசிட்தான்னு அம்புரோஸ் அண்ணன், தேவகனியக்கா முன்னால ஒரு தடவை சொல்லிருங்க. என் விரல் வேர்வைன்னு அவுங்க முன்னாலதான சொன்னீங்க."

அவர் காப்பியை எடுத்தார். குடித்தார். தெருவில் யாரோ ஐஸ்வண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வாரேன்மா," என்று அல்போன்சாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வீடு தேடி வந்த மனுசன்," என்றாள் அல்போன்சா. "சம்பளமும் கூட்டித் தாரேன்னாரே."

"கேட்டேன்மா. அவராலதான் முடியல."

அடுத்த மாதம் தேவகனி ஓடி வந்தாள். பம்பை மதுரைக்காரன் ஒருவனிடம் விற்றுவிட்டாராம். சிட்ரிக் அமிலம் மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறதாம். "இனியாவது வாயேன்ளா. நீ கேட்டதெல்லாம் நடந்துட்டுல்லா?"

"அதச் சொல்ல அவருக்கு வாய்தான் இன்னும் வரல," என்றாள் கிளாடிஸ்.

அவள் போகவில்லை. வேலை தேடினாள். ஒரு கம்பெனியில், முந்தின வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். "விடல. சொன்னதைச் செய்யலன்னு எடுத்துட்டாங்க," என்றாள். அங்கே கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்திலும் அதையே சொன்னாள், அங்கேயும் கிடைக்கவில்லை. வேறு மாதிரி சொல்லலாமே என்று அம்மாகூடச் சொன்னாள். கப்பல் சரக்குகளைச் சோதிக்கிற ஆய்வகம் ஒன்று துறைமுகத்துப் பக்கம் திறந்தது. அங்கே கேட்டவர் ஒரு வயதானவர். அவளுடைய பதிலைக் கேட்டுவிட்டு, "எந்தச் சாமான்?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். "உசிரோட இருக்கீங்க. நல்லது. திங்கள்கிழமை வாங்க," என்றார்.

மறு வருசம், எமர்ஜென்சியெல்லாம் முடிந்த பிறகு, அப்பாவை மதராசுக்கு வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போயிருந்தபோது அங்கே தேவபிரசாதத்தைப் பார்த்தாள். கையும் பெட்டியுமாக நின்றிருந்தார். தலை நிறைய நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் அவரே கிட்டே வந்தார்.

"நல்லா இருக்கியா கிளாடிஸ்?"

"இருக்கேன் சார்."

"இப்போ அலனின், லூசின் எல்லாமே பண்றோம். எல்லாத்துக்கும் சிட்ரிக்தான் போடுறோம்."

"தெரியும் சார். தேவகனியக்கா சொன்னாங்க. நான் கேட்டது அது இல்ல."

அவர் லேசாகச் சிரித்தார். வண்டிக்கு மணி அடித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "உனக்கு ரொம்பத்தான் பிடிவாதம்," என்றார்.

"ஆமா சார்," என்றாள் கிளாடிஸ்.